சதுரங்கப் பொறியும் மாணாக்கனும்

தோற்றுவாய்

சதுரங்கம் பயில்வோர்க்கு ஆட்டத்தினும், ஆட்டம் முடிந்தபின் அதனை மீள ஆராய்தலே பெரும்பயன் தருவதென்பது அத்துறையில் வல்லோர் பலரும் ஒப்பிய முடிபாகும். 1948 ஆம் ஆண்டில் உலக வீரராகிய மிகயில் பொட்வினிக், தாம் ஆடிய ஆட்டங்களுக்குத் தாமே உரை வரைந்து, பிறர் குறைகாணும்படி அவற்றை வெளியிடுதலைப் பயிற்சியின் ஓர் உறுப்பாகவே கொண்டவர். மின்பொறியியலாளராகிய அவர், மனிதனைப்போலச் சிந்தித்துச் சதுரங்கம் ஆடுங் கணினி நிரலொன்றை ஆக்குதற்குத் தம் பிற்காலத்திற் பல ஆண்டுகளைச் செலவிட்டார். அம்முயற்சி நிறைவெய்தவில்லை. ஆயினும், இன்று ஒரு சிறுவனின் கைத்தொலைபேசியில் இயங்கும் சதுரங்கப் பொறி உலக வீரர் எவரையும் வெல்லவல்லது. பயிற்றுவார் ஒருவருமில்லாத சிற்றூர்ப் பிள்ளைக்கும் அது பணச்செலவின்றிக் கிடைக்கின்றது. இஃது எம் இளமையில் நாம் கனவிலுங் காணாத பேறு.

அப்பேறு தன் முழுப்பயனையுந் தருகின்றதா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

கல்லூரிச் சதுரங்கக் கழகத்து இளையோருடன் சில மாலைப்பொழுதுகள் அமர்ந்திருக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டிற்று. அவருள் ஒரு மாணவன், தான் ஆடிய ஆட்டங்களையும் அவைபற்றிப் பொறி கூறிய தீர்ப்புகளையும் அப்பியாசக் கொப்பியொன்றில் அழகுற எழுதி வைத்திருந்தான். இத்தனையாம் நகர்வு பெரும்பிழை, இத்தனையாம் நகர்வு சிறுபிழை, ஆட்டத்தின் செம்மை நூற்றுக்கு இவ்வளவு என்றவாறு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பக்கம் இருந்தது. அவன் முயற்சியைப் பாராட்டி, ஒரு நகர்வைச் சுட்டி, “இது ஏன் பிழையாயிற்று, தம்பி?” என வினவினோம். சிறிது நேரம் பலகையை நோக்கியிருந்து, “கொம்பியூட்டர் அப்பிடித்தான் சொல்லுது, சேர்” என்றான்.

அவ்விடை எம்மைப் பல நாள் வருத்திற்று. குறை அவனுடையதன்று. பொறி அவனுக்குத் தீர்ப்பை உரைத்தது, காரணத்தை உரைக்கவில்லை. காரணம் அறியாதான் அடுத்த ஆட்டத்திலும் அப்பிழையையே செய்வான். அவன் கொப்பியை மேலும் புரட்டியபோது அவ்வாறே நிகழ்ந்திருந்தமையும் கண்டோம். அதனைப் பின்னர்க் கூறுவாம். முதற்கண் பொறியின் இயல்பை விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

1. பொறி மதிப்பிடும் முறை

அமெரிக்கக் கணித அறிஞர் குளோட் ஷனன் 1950 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையே இத்துறைக்கு அடிப்படை வகுத்தது. காலாளுக்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, கோட்டைக்கு 5, அரசிக்கு 9 எனப் பெறுமதி கொடுத்து, காய்களின் நிலையையுஞ் சேர்த்து, ஒரு நிலைமையை ஓர் எண்ணாக்கலாம் என அவர் காட்டினார். பின்னர், நான் இதனை ஆடினால் எதிரி எதனை ஆடுவான், அதன்பின் நான் எதனை ஆடுவேன் என மரக்கிளைபோல விரியும் வழிகளின் நுனியில் அவ்வெண்ணைக் கணித்து, இருவரும் தத்தமக்குச் சிறந்ததையே தெரிவர் எனக்கொண்டு, வேரை நோக்கி மீளுதல் வேண்டும். ஒரு நிலைமையில் ஏறத்தாழ முப்பது நகர்வுகள் இயலுமாதலின், இருவரும் ஒருமுறை ஆடுங்கால் வழிகள் ஆயிரமாகும்; மும்முறை ஆடுங்கால் 100 கோடியாகும்.

இங்கிலாந்தின் அலன் ரியூரிங் தாம் வகுத்த விதிகளைக் கணினியின்றித் தாளிற் கையாற் கணித்தே 1952 இல் ஓர் ஆட்டம் ஆடினார். ஒரு நகர்வுக்கு அரைமணி நேரமளவு சென்றது. 1997 இல் கரி கஸ்பரோவை வென்ற ‘டீப் புளூ’ என்னும் பொறியோ, ஒரு செக்கனில் ஏறத்தாழ 20 கோடி நிலைமைகளை நோக்கியது. 2008 இல் முதன்முதல் வெளிவந்த ‘ஸ்டொக்ஃபிஷ்’ என்னும் பொறி, 2020 முதல் நரம்பு வலையமைப்பொன்றையும் மதிப்பீட்டுக்குத் துணைக்கொள்கின்றது.

பொறியின் திறன் இங்ஙனம் வளர்ந்ததாயினும் அதன் விடை இன்றும் இரண்டே பகுதிகளையுடையது: ஓர் எண், ஒரு நகர்வு வரிசை. ஆட்டத்தை ஆராயும் மென்பொருள், முன்னைய எண்ணுக்கும் பின்னைய எண்ணுக்கும் உள்ள வேற்றுமையைக் கண்டு, அதற்கேற்பப் ‘பிழை’, ‘பெரும்பிழை’ எனப் பெயரிடுகின்றது. ஆடுதற்கு அஃது அமையும். கற்பித்தற்கு அமையாது. அதனைத் திருத்தும் வழிகளை முறையே நோக்குவாம்.

2. அளவுகோலைத் திருத்தல்

முதலாவது, பிழையை எதனால் அளப்பது என்பது. காலாளின் பெறுமதியை நூறு கூறாக்கி, இத்தனை கூறு இழந்தான் என்பது பழைய முறை. அதன் குறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். ஒருவன் ஒன்பது காலாளளவு மேம்பட்டு நின்றவன், ஏழளவுக்கு இறங்குகின்றான். மற்றொருவன் ஒரு காலாளளவு மேம்பட்டு நின்றவன், ஒரு காலாளளவு பிற்படுகின்றான். இருவரும் இழந்தது இரண்டே. ஆயின், முன்னவன் வெற்றி இன்னும் உறுதியே; பின்னவனோ வெல்லும் நிலையிலிருந்து தோற்கும் நிலைக்கு வீழ்ந்தான்.

இதனை உணர்ந்தோர் எண்ணை வெற்றி வாய்ப்பாக மாற்றலாயினர். ‘லிசெஸ்’ என்னும் இலவசத் தளம் கையாளும் சூத்திரத்தை இவ்விருவர்க்கும் பொருத்திப் பார்த்தோம். முன்னவனின் வாய்ப்பு நூற்றுக்கு 96.5 இலிருந்து 92.9 ஆயிற்று, இழப்பு நான்கினுங் குறைவு. பின்னவனின் வாய்ப்பு 59 இலிருந்து 41 ஆயிற்று, இழப்பு 18. எவன் பிழை பெரிதென்பது இப்பொழுது தெளிவாகின்றது. ஸ்டொக்ஃபிஷ் பொறியை ஆக்குவோரும் 2022 டிசெம்பர் முதல், +1 என்னும் எண் காலாளைக் குறியாது, சமவன்மையுள்ள எதிரியை வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பது என்பதைக் குறிக்குமாறு அளவையைத் திருத்தியமைத்தனர்.

ஆராய்ச்சியாளர் இக்குறையை முன்னரே கண்டிருந்தனர். சுலொவேனிய நாட்டு லியுப்லியானாப் பல்கலைக்கழகத்து மத்தேய் குயிட், இவான் பிரற்கோ என்போர் 2006 இல் உலக வீரர்களின் ஆட்டங்களை ‘கிராஃப்ரி’ என்னும் பொறியால் ஆராய்ந்தபோது, ஒருபக்கம் இரண்டு காலாளளவுக்கு மேற்பட்டு மேம்பட்ட நிலைமைகளைக் கணக்கிற் சேர்க்கவில்லை. வெற்றி உறுதியானபின் வல்லோன் மிகச்சிறந்த வழியை விடுத்து மிக எளிய வழியை நாடுவான். அதனைப் பிழையென்றல் நேர்மையன்று. அவ்வாராய்ச்சியிற் கியூபா நாட்டுக் கபபிளாங்கா முதலிடம் பெற்றமை பலரும் அறிந்தது.

3. ஆழமும் திசையும்

இரண்டாவது, பொறி தன் நேரத்தை எவ்வாறு பங்கிடுகின்றது என்பது. ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரே அளவு நேரம் செலவிடும் மென்பொருள், எடுத்த காயைத் திரும்ப எடுப்பது போன்ற வெளிப்படையான நகர்விற் காலத்தை வீணாக்கி, ஆட்டம் திரும்பும் இடத்திற் போதிய ஆழம் செல்லாது விடுகின்றது. நல்லாசிரியன் பாடநூலின் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே நேரம் ஒதுக்குவதில்லை. பொறியும் முதலில் ஆட்டம் முழுவதையும் விரைவாக நோக்கி, எண் அலையும் இடங்களைக் குறித்துக்கொண்டு, மறுமுறை அவ்விடங்களில் மட்டும் நெடிது தங்குதல் வேண்டும்.

ஆராயும் திசையும் நோக்கத்தக்கது. ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்தன்றி முடிவிலிருந்து பின்னோக்கி ஆராய்தலிற் பெரும் நன்மையுண்டு. பொறி தான் கண்ட நிலைமைகளைத் தன் நினைவுப் பட்டியலில் வைத்திருக்கும். முப்பதாம் நகர்வின் உண்மையை அறிந்தபின் இருபத்தெட்டாம் நகர்வை நோக்கினால், அவ்வறிவு அங்கே கைகொடுக்கும். முன்னோக்கிச் செல்லும் பொறிக்கோ, இருபத்தெட்டில் நல்லதெனக் கூறியதை முப்பதில் மறுக்கும் இடர் நேரும். அதனைக் காணும் மாணாக்கன், தான் இருபத்தெட்டிற் செய்த பிழையை முப்பதிற் செய்ததாகக் கருதி மயங்குவான்.

ஒரே சிறந்த வழியை மட்டுங் காட்டாது, இரண்டாவது, மூன்றாவது வழிகளையும் அவற்றின் மதிப்புடன் காட்டுதல் இன்னொரு திருத்தம். மூன்றும் ஏறத்தாழ ஒன்றாயின், மாணாக்கன் தன் விருப்பப்படி ஆடியதிற் குற்றமில்லை. முதல்வழி ஒன்றே ஆட்டத்தைக் காப்பதாயின், அதுவே அவன் நின்று நிதானித்திருக்கவேண்டிய இடம்.

பலகையில் அரசர் உட்பட ஏழு காய்களோ அதனிற் குறைவோ எஞ்சியவிடத்து மதிப்பீடு என்பதே வேண்டா. அத்தகைய நிலைமைகளின் முடிவு முழுவதும் 2012 இல் மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தின் லொமொனோசொவ் மீகணினியிற் கணிக்கப்பட்டது. 2018 இல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தத்தக்க வேறோர் அட்டவணைத் தொகுதியும் நிறைவுற்றது. ஆங்கே வெற்றி, தோல்வி, சமநிலை என மூன்றே சொற்கள் உண்மையானவை. அவ்விடத்தும் பதின்மக் கூறுகளைக் காட்டி மாணாக்கனை மயக்குதல் தவறு.

4. ‘ஏன்?’ என்னும் வினா

மூன்றாவதாகிய இப்பகுதியே பொருளின் உயிர்நிலை. இதனைப் புகழ்பெற்ற ஆட்டமொன்றால் விளக்குவாம்.

1858 ஆம் ஆண்டிற் பாரிஸ் நகர இசைநாடக அரங்கிலே அமெரிக்கராகிய போல் மோர்ஃபி, பிரன்ஸ்விக் கோமகனும் ஈசுவார்ப் பிரபுவும் கலந்து ஆடிய கறுப்புக்கு எதிராக வெள்ளை ஆடினார். ஆறாம் நகர்வில் வெள்ளை மந்திரியும் அரசியும் சேர்ந்து, கறுப்பு அரசனருகேயுள்ள எஃப்-7 கட்டத்தை நோக்கி நின்றன. அடுத்து அரசி அங்கே புகுந்தால் ஆட்டம் முடியும். கறுப்பு தன் குதிரையை எஃப்-6 இல் நிறுத்தி அவ்வழியை மறித்தது. குதிரையை வெளிக்கொணர்தல் எல்லா நூலும் புகழும் செயலன்றோ? ஆயினும் பொறி இதனைப் பிழை என்னும். மாணாக்கன் திகைப்பது இவ்விடத்திலேதான். பொறி காட்டும் மறுமொழி, வெள்ளை அரசி பீ-3 கட்டத்துக்குச் செல்லுதல். அதன்பின் ஓர் எண். அவ்வளவே.

இங்கே ஓர் எளிய உத்தி உதவும். வெள்ளை அரசி பீ-3 இல் நின்றபின், கறுப்பு யாதும் ஆடாது தன் முறையை விட்டுக்கொடுத்ததாகக் கொள்க. அடுத்து வெள்ளை என்செய்யும் எனப் பொறியை வினவுக. மந்திரி எஃப்-7 இலுள்ள காலாளை எடுத்து அரசனுக்குச் ‘செக்’ வைக்கும். அன்றேல் அரசி பீ-7 இலுள்ள காலாளை எடுத்து மூலைக் கோட்டையையும் தாக்கும். ஒரு நகர்வு, இரண்டு இலக்கு. கறுப்பு தன் அரசியை ஈ-7 இற்கு நகர்த்தி ஒன்றைக் காத்தது; மற்றொன்று காவலற்றது. ‘உமது குதிரை ஓர் அச்சுறுத்தலை நீக்கிற்று, ஆயின் அரசி பக்கத்தே சென்று இரண்டு அச்சுறுத்தலை ஒருங்கே எழுப்புவதைத் தடுக்கவில்லை’ என ஒரு வாக்கியத்தை மென்பொருள் இவ்வுத்தியாலேயே ஆக்கியிருக்கலாம். முறையை விட்டுக்கொடுத்துத் தேடும் உத்தி பொறிகளின் உள்ளே விரைவுக்காகப் பன்னெடுங்காலமாகப் பயன்படுகின்றது. அதனைக் கற்பித்தற்குப் பயன்படுத்தல் அரிதன்று.

மேலும் நோக்குக. எட்டாம் நகர்வில் வெள்ளை அரசி பீ-7 காலாளை எடுத்தால், கறுப்பு அரசி பீ-4 இற் ‘செக்’ வைத்து அரசிகளை மாற்றிக்கொள்ளும். வெள்ளைக்கு ஒரு காலாள் இலாபமே. மோர்ஃபி அதனை விடுத்துக் குதிரையைச் சீ-3 இல் நிறுத்தினார். இனிப் பீ-4 இல் அரசி வந்தாலும் அது ‘செக்’ ஆகாது. எனவே பீ-7 மீதுள்ள அச்சுறுத்தல் முன்னிலும் கொடியதாயிற்று. ஒரு காயும் வெளிவந்தது. உடனடி இலாபத்தை எண்ணும் மென்பொருள் இந்நகர்வைச் சற்றுத் தாழ்த்திக் கூறவுங்கூடும். ஆயின் இதன் கருத்தை விளங்கிய மாணவன் ஒரு காலாளினும் பெரிய செல்வத்தைப் பெறுகின்றான். ஆட்டம் பதினேழாம் நகர்வில் அரசியையே பலியிட்டு முடிந்தது; கறுப்பின் அரசன்பக்க மந்திரியும் கோட்டையும் முதலிலிருந்து இறுதிவரை தம் இடம்விட்டு அசையவேயில்லை. இதனை எடுத்துரைக்காத ஆராய்ச்சி, எத்துணை ஆழமாயினும், ஆராய்ச்சியாகாது.

அண்மைக்கால எடுத்துக்காட்டொன்று கூறுவாம். 2024 டிசெம்பர் 12 ஆம் நாள் சிங்கப்பூரில் உலக வீரப் போட்டியின் பதினான்காம் ஆட்டம் சமநிலையை நோக்கிச் சென்றது. ஐம்பத்தைந்தாம் நகர்விற் சீன நாட்டு டிங் லிரென் தம் கோட்டையை எஃப்-2 இல் வைத்தார். பார்த்திருந்தோர் திரைகளிற் பொறியின் அளவுகோல் நொடிப்பொழுதிற் சரிந்தது. ஏதோ பிழை நிகழ்ந்ததென யாவரும் அறிந்தனர். என்ன பிழையென்பதை அளவுகோல் கூறவில்லை. காரணமோ இரண்டு வாக்கியங்களில் அடங்குவது. கோட்டைகள் மாறியபின் கறுப்பு மந்திரி டீ-5 இல் எதிர்நிற்க, மூலையில் ஏ-8 இல் நின்ற வெள்ளை மந்திரிக்கு மாற்றத்தைத் தவிர்க்க வழியில்லை. மந்திரிகளும் நீங்கினால் அரசரும் காலாட்களுமே எஞ்சுவர். ஒரு காலாள் மிகுதியாகவுடைய கறுப்பு வெல்லும். அவ்வாறே சென்னையைச் சேர்ந்த குகேஷ் தம் பதினெட்டாம் வயதில் உலக வீரரானார். ‘எக்காய்கள் மாறும், மாறியபின் எஞ்சுவது எது’ என வினவிச் சொல்லாக்கும் திறன் மென்பொருளுக்கு வாய்த்தால், அச்சரிவைக் கண்ட ஆயிரமாயிரம் பிள்ளைகள் அன்றே ஒரு பாடம் கற்றிருப்பர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இன்று சொற்களைத் தொடுத்து உரைநடை எழுதவல்ல செயற்கை நுண்ணறிவு நிரல்கள் பல உள. அவற்றிடம் ஆட்டத்தை ஒப்படைத்தால் இனிய உரை கிடைக்கும். ஆயின் பலகையில் இல்லாத காயைப்பற்றியும் அவை சிலவேளை உறுதியாகப் பேசிவிடும். ஆதலின், உரையில் வரும் ஒவ்வொரு கூற்றும் பொறி கண்ட நகர்வு வரிசையொன்றாற் சரிபார்க்கப்பட்டதாதல் வேண்டும். பொறிக்குக் கணக்குத் தெரியும், சொல் தெரியாது. சொல்நிரலுக்குச் சொல் தெரியும், கணக்குப் பிழைக்கும். ஒன்றை ஒன்று காவல்செய்ய இரண்டையும் இணைப்பதே தக்க வழி.

5. மாணாக்கன் காணத்தக்கது எது?

நான்காவது, பொறி கூறும் நகர்வு மாணாக்கனின் தரத்துக்கு ஏற்றதா என்பது. பன்னிரண்டு நகர்வுக்கு அப்பாற் பயன்தரும் நுட்பமொன்றைக் காணாமை பன்னிரண்டு வயதுச் சிறுவனின் குற்றமன்று. காவலற்ற குதிரையைக் காணாமையே அவன் திருத்தவேண்டியது. இரண்டையும் ஒரே சிவப்புக் குறியாற் குறிப்பது, எழுத்துப்பிழையையும் யாப்பு நுட்பத்தையும் ஒரே மையினாற் கீறும் ஆசிரியனின் செயலை ஒக்கும்.

இதற்கு மருந்தாகத்தக்க ஆய்வொன்று 2020 இல் வெளிவந்தது. ரொறொன்ரோ, கோணெல் பல்கலைக்கழகங்களையும் மைக்ரோசொஃப்ற் ஆய்வகத்தையுஞ் சேர்ந்த ஆய்வாளர் ‘மையா’ என்னும் பொறியை ஆக்கினர். இது சிறந்த நகர்வைத் தேடுவதன்று. குறித்த தரத்து மனிதன் எந்நகர்வை ஆடுவான் என்பதை ஊகிப்பது. 1100 முதல் 1900 வரையுள்ள தரப்புள்ளிகளுக்கு ஒன்பது வடிவங்களாக, மனிதர் ஆடிய கோடிக்கணக்கான ஆட்டங்களிலிருந்து இது பயிற்றப்பட்டது. தனக்குரிய தரத்தினர் ஆடும் நகர்வுகளில் ஏறத்தாழப் பாதியை அது முன்னரே சரியாகக் கூறுகின்றது.

இவ்விரு பொறிகளையும் ஒருங்கே பயன்படுத்தினால் விளையும் நன்மை பெரிது. வலிய பொறி, சிறந்த நகர்வு எதுவெனக் கூறும். மனிதனைப் போலும் பொறி, உன் தரத்தார் அதனைக் காண்பரா எனக் கூறும். உன் தரத்தார் பலரும் காண்பதை நீ காணவில்லையாயின், அது கவனக்குறைவு, இன்றே திருத்துக. உனக்குச் சற்று மேலுள்ளார் காண்பதாயின், அதுவே நீ அடுத்துக் கற்கவேண்டிய பாடம். எத்தரத்தாரும் காணாததாயின், வியந்துவிட்டு அப்பாற் செல்க. பிழைகளை இழப்பின் அளவால் மட்டுமன்றி, கற்கத்தக்க தன்மையாலும் வரிசைப்படுத்தும் மென்பொருளே ஆசிரியன் என்னும் பெயர்க்கு உரியது.

6. பல ஆட்டங்களை ஒருங்கே நோக்கல்

இனி அம்மாணவனின் கொப்பிக்கு மீள்வாம். அதிலிருந்த மூன்று தோல்விகளை அடுத்தடுத்துப் பலகையில் ஆடிப்பார்த்தோம். மூன்றிலும் அவன் அரசன் தன் முன்நிற்கும் காலாட்களால் அடைபட்டிருந்தான்; மூன்றிலும் அவன் கடைசி வரிசையைக் காத்துநின்ற கோட்டையைத் தாக்குதலுக்கு அனுப்பினான்; மூன்றிலும் எதிரியின் கோட்டை அவ்வரிசையிற் புகுந்தது. முதல் ஆட்டத்தில் நிலைமை சமமாயிருந்தமையின் பொறி ‘பெரும்பிழை’ என்றது. இரண்டாவதில் அவன் மிக மேம்பட்டிருந்து, கோட்டையைக் கொடுத்துக் குதிரையைப் பெற்றுத் தப்பினமையின் ‘சிறுபிழை’ என்றது. அவ்வாட்டம் பின்னர் வேறு வழியாற் கைந்நழுவிற்று. மூன்றாவதில் அவன் முன்னரே தோற்கும் நிலையில் இருந்தமையின் குறியொன்றுமே இடவில்லை. நாம் மேலே புகழ்ந்த வாய்ப்பளவையின் மறுபக்கம் இது: இழக்க ஒன்றுமில்லாதவிடத்து அப்பிழை அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஒரே நோய் மூன்று பெயர்களுடன் வந்தமையின் அவன் அதனை ஒரே நோயென அறியவில்லை. மருத்துவன் ஒரு நாட் காய்ச்சலை மட்டும் நோக்கி மருந்து கொடுப்பதில்லை. முன்னைய நாட்களின் குறிப்பையும் கேட்கின்றான். ஆகவே மென்பொருள், பிழையின் அளவை மட்டுமன்றி அதன் வகையையும் பதிந்து, ஐம்பது நூறு ஆட்டங்களுக்குப்பின், ‘நீர் கடைசி வரிசையை மறக்கின்றீர், குதிரை பின்னோக்கிப் பாய்வதைக் காண்கின்றீரில்லை, கோட்டை முடிவாட்டங்களில் விரைகின்றீர்’ எனத் தொகுத்துரைத்தல் வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் செலவிட்ட நேரமும் பதியப்படுவதால், பிழை விரைவால் வந்ததா, நீண்ட சிந்தனையின்பின் வந்ததா என்பதும் அறியலாகும். முன்னது பழக்கத்தின் குறை. பின்னது அறிவின் குறை. இரண்டுக்கும் மருந்து வேறு.

7. மாணாக்கன் கடமை

மென்பொருளைத் திருத்துதல் பாதி வேலை. மற்றப் பாதி அதனைக் கையாள்வோனிடத்து உள்ளது. 1997 மே 4 ஆம் நாள் டீப் புளூவுடன் ஆடிய இரண்டாம் ஆட்டத்திற் கஸ்பரோவ் தாம் தோற்றுவிட்டதாகக் கருதி ஆட்டத்தை ஒப்புக்கொடுத்தார். தொடர்ந்து ‘செக்’ வைத்துச் சமநிலை காணும் வழி அவர்க்கு இருந்தமையைப் பிறர் பின்னர்க் கண்டு கூறினர். உலகின் தலைசிறந்த வீரரே பொறியின் ஆற்றலை நம்பித் தம் தேடலை நிறுத்தினாராயின், பள்ளிச் சிறுவர்க்கு அவ்விடர் எத்துணைப் பெரிது! குகேஷின் தொடக்கப் பயிற்சிக் காலத்தில் அவர் பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா பொறியின் துணையை நெடுநாள் விலக்கிவைத்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆதலின் நாம் அம்மாணவனுக்குக் கூறிய முறை இது. ஆட்டம் முடிந்த அன்றே, பொறியைத் திறக்குமுன், ஆட்டம் எங்கே திரும்பிற்று என நீ கருதும் மூன்று இடங்களைக் குறி. ஒவ்வோர் இடத்தும், நான் எதனை அஞ்சினேன், எதனை நாடினேன், எதிரியின் எந்நகர்வை எதிர்பார்த்தேன் என எழுது. அதன்பின் பொறியைத் திறந்து ஒப்பிடு. நீ குறித்த இடமும் பொறி குறித்த இடமும் வேறாயின், அவ்வேறுபாடே அன்றைய பாடம். பொறியின் நகர்வு விளங்கவில்லையாயின், அதற்கு எதிராக நீ ஆட விரும்பிய நகர்வைப் பலகையில் ஆடி, பொறி அதனை எவ்வாறு மறுக்கின்றதென இறுதிவரை பார். காரணத்தை உன் சொல்லில் ஒரு வரியாக எழுதும்வரை அடுத்த நகர்வுக்குச் செல்லாதே.

மென்பொருளிலும் இம்முறையைப் பொருத்தலாம். மாணாக்கன் தன் குறிப்பை எழுதும்வரை தீர்ப்பை மறைத்துவைத்தல் நிரலாக்குவோர்க்குச் சிறு வேலையே.

முடிவுரை

சில வாரங்களின்பின் அம்மாணவன் கொப்பியை மீண்டும் கொணர்ந்தான். அவ்வாரமும் ஓர் ஆட்டம் தோற்றிருந்தான். ஆயின் அப்பக்கத்திற் பொறியின் தீர்ப்புக்கு மேலே தன் கையெழுத்தில், “என்ரை குதிரையையே பாத்துக்கொண்டிருந்தன், அவன்ரை கோட்டை வாற வழியைப் பாக்கேல்லை” என எழுதியிருந்தான். அவ்வொரு வரி, முன்னைய பக்கங்களிலிருந்த எண்கள் யாவற்றினும் எமக்கு மகிழ்ச்சி தந்தது.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் நிரலாக்கத் தொழிலில் உள்நாட்டிலும் பிறநாடுகளிலும் சிறந்து விளங்குவோர் பலர். ஸ்டொக்ஃபிஷ் பொறியின் நிரலும் லிசெஸ் தளத்தின் நிரலும் எவரும் எடுத்துத் திருத்தத்தக்க திறந்த நிரல்கள். நாம் மேலே கூறியவற்றுள் ஒன்றையேனும் எடுத்து, பிழையின் காரணத்தைத் தமிழில் ஒரு வரியாற் கூறும் சிறு கருவியொன்றை எம் கழகத்துப் பிள்ளைகளுக்கு ஆக்கித்தருவோர் உளராயின், அது நல்லதொரு வித்தியாதானமாகும். அதுவரை, பிள்ளையின் அருகே அமர்ந்து “ஏன், தம்பி?” என வினவும் கடமை அவ்வூரிலுள்ள மூத்தோராகிய எம்மையே சாரும். அதற்குப் பெரும்புலமை வேண்டா. மாலைப்பொழுதும் பொறுமையும் போதும்.